ஒத்த சொற்களும் ஒவ்வாப் பொருள்களும்

இரு சொற்கள் ஒரு மொழியில் ஒத்த பொருளுடையனவாய் நிலைத்து நிற்குமாயின், அவற்றிடையே யாதேனும் ஒரு வேறுபாடு இருத்தல் கூடுமெனக் கொள்ளுதலே கற்போர்க்கு நன்று. இதனை ஆங்கிலங் கற்கும் நம் மாணாக்கர் மறந்துவிடுகின்றனர். மறக்கச் செய்பவர் ஆசிரியராகிய நாமே.

அண்மையில் மாணாக்கன் ஒருவன், வழிப்போக்கர் மரத்தின் 'ஷாடோ'வில் இருந்து இளைப்பாறினர் என ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். வெயிலை மறைத்துக் குளிர்ச்சி தரும் இடம் 'ஷேட்'; ஒளியை மறைத்த பொருளின் உருவாய் நிலத்தில் விழுவது 'ஷாடோ'. இரண்டும் பழைய ஆங்கிலச் சொல்லொன்றின் இரு வடிவங்களிலிருந்து கிளைத்தவை. பிறப்பால் ஒன்றாயினும் வழக்கால் வேறாயின. தமிழில் இரண்டும் நிழலே. இரண்டற்கும் நிழல் என்றே நாம் பொருள் சொல்லிக் கொடுத்தோம், பிழை அவனதன்று.

மரநிழலைப் பற்றிய பிழையால் எவர்க்கும் கேடில்லை. மொழிபெயர்ப்பில் நேரும் பிழையோ அத்தகையதன்று. 'டிஸ்இன்ரறெஸ்ரெட்' என்பது தன்னலச் சார்பின்மை. 'அன்இன்ரறெஸ்ரெட்' என்பது அக்கறையின்மை. முன்னையது நீதிபதிக்கு அணி, பின்னையது இழுக்கு. ஆங்கிலேயருள்ளும் பலர் இன்று இவ்விரண்டையும் மயங்க வழங்குகின்றனர் என்பது மெய்யே. ஆயினும், நீதிபதியைப் புகழ வந்த வாக்கியம் நம் மொழிபெயர்ப்பாளர் கையில் அவரை இகழ்வதாய் முடியலாமோ?

1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர்ப் பிரெஞ்சுச் சொற்களும், கல்வி வழியே இலத்தீன் சொற்களும் ஆங்கிலத்திற் பெருகின. 'ஆஸ்க்' என்னும் வீட்டுச் சொல்லின் அருகே 'குவெஸ்ரியன்', 'இன்ரெறோகேற்' என்பனவும் வந்து நின்றன. பிள்ளை தாயிடம் கேட்பது முதலாவது. சாட்சியை அடுத்தடுத்து வினாவுவது இரண்டாவது. பிடிபட்டவனைக் காவலர் நெருக்கி விசாரிப்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒரே வரியில் எழுதிப் பரீட்சைக்கென மனனஞ் செய்விப்பது கல்வியாகாது.

நமக்கு இது புதியதொரு நெறியன்று. ஈ, தா, கொடு என்பவற்றை இரப்போரின் தாழ்வும் ஒப்பும் உயர்வும் நோக்கித் தொல்காப்பியர் பகுத்தார். நூல் வழக்கை விடுத்து ஊர் வழக்கை நோக்கினும், அயலாரிடம் மண்வெட்டி வாங்குவது இரவல். அப்பொருளையே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். பணம் பெறுவது கடன். வட்டியின்றிச் சில நாளைக்குப் பெறுவது கைமாற்று. ஆங்கிலத்தில் மூன்றற்கும் 'பொறோ' என்னும் ஒரு சொல்லே போதும். தன் தாய்மொழியில் இவ்வேறுபாட்டை உணர்ந்த பிள்ளைக்கே பிறமொழியின் நுட்பமும் எளிதில் விளங்கும்.

ஆதலின் ஆங்கில ஆசிரியர் சொற்பட்டியலை விடுத்து, ஒவ்வொரு சொல்லையும் அது பயிலும் வாக்கியத்தோடு கற்பிப்பாராக. தமிழாசிரியரும் நிகண்டை நெட்டுருப் பண்ணுவிப்பதோடு அமைதல் ஆகாது. நிகண்டு மனனஞ் செய்து வளர்ந்த யானே இதனைச் சொல்கின்றேன். சொற்களைச் சேர்த்து வைப்பது நிகண்டின் தொழில். அவற்றைப் பிரித்தறியக் காட்டுவது ஆசிரியன் தொழில்.