மைக் யார் கையில்?



நாகூரில் உட்கார்ந்துகொண்டு பாட்டைப் பற்றி எழுதுவது எளிது. கந்தூரி பதினான்கு நாளும் ஊருக்கே காது முளைத்துவிடும். ஊர்ப்பேரையே தன் பேராக்கிக்கொண்டு திராவிட இயக்க மேடைகளில் முழங்கிய ஹனீபா 2015இல் மறைந்தார். டீக்கடைகளில் இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கிறார். நாங்கள் கேட்டு வளர்ந்ததெல்லாம் ஆண் குரல். இந்தத் தலையங்கம் ஒரு பெண் குரலைப் பற்றியது. வடசென்னை இராயபுரத்து கானா பாடகி இசைவாணியைப் பற்றியது.

கானா, உழைக்கிற சனங்களின் குப்பங்களிலும் சேரிகளிலும் பிறந்தது. சாவு வீட்டில் விடிய விடிய பாடப்பட்டது. சபாக்காரர்கள் அதை இசையென்று ஒப்புக்கொள்ளாதது எதிர்பார்த்த ஒன்றுதான். அதற்கெல்லாம் கோபப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் சேரிக்குள்ளேயே அது ஆம்பளைங்க சொத்தாக இருந்ததே, அதை நாம் பேசுவதில்லை. அதே சாவு வீட்டில் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கலாம், அது அவர்களுக்கு ஒதுக்கிய இடம். வாசலில் பந்தலடியில் தாளக்காரர்களோடு உட்கார்ந்து பாடக் கூடாது.

1996இல் பிறந்த இசைவாணி, கீபோர்டு வாசிக்கும் அப்பாவோடு சின்ன வயசிலேயே மேடை ஏறியவர். கச்சேரிகளில் சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை உருவாக்கியபோது அதில் சேர்ந்தார். சாதியற்றவர்கள் என்று பொருள்படும் அந்தப் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் வழி வந்தது. 2018 சனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. குழுவில் பத்தொன்பது பேர், பெண் இவர் ஒருவர்தான். 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். 2021இல் பிக் பாஸ் வீட்டுக்கும் போனார். (போனதற்காக முகம் சுளித்த தோழர்களை எனக்குத் தெரியும். எந்த வீட்டுக்குள் போகலாம் என்று பெண்ணுக்குச் சொல்ல நமக்கு எப்போதுமே வாய் நீளம்.)

2024 நவம்பரில், ஐயப்பனை விளித்துப் பெண்களின் நுழைவுரிமையைக் கேட்கிற அவருடைய பழைய பாட்டைத் தோண்டியெடுத்து இந்துத்துவக் கும்பல் பாய்ந்தது. குழுவாகப் போட்ட பாட்டு. ஆனால் போனில் வந்த மிரட்டலும் ஆபாச வசையும் யாருக்கு? பாடிய பெண்ணுக்கு. அவர் போலீசில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. சேரியிலிருந்து வந்த பெண் என்பதற்கும் வாயைத் திறந்தவள் என்பதற்கும் சேர்த்துத்தான் இந்த வசவு.

இதைப் படிக்கும்போது எனக்கு ஜமைக்காவின் சிஸ்டர் நான்சி ஞாபகத்துக்கு வந்தார். கிங்ஸ்டன் நகரத்து ஏழைகளின் டான்ஸ்ஹாலில் ‘டீஜே’ என்றால் இசைத்தட்டு போடுகிறவர் இல்லை, ஓடுகிற தாளத்தின் மேல் பேச்சும் பாட்டுமாக அடித்து விடுகிறவர், நம்ம கானாக்காரர் மாதிரி. அந்த ஆண் கோட்டைக்குள் பதின்வயதிலேயே புகுந்தவர் நான்சி. 1982இல் வந்த அவருடைய ‘பாம் பாம்’ உலகமெல்லாம் ஓடியது. பாடியவருக்குக் காசு வரவில்லை. 1996இல் அமெரிக்கா போய் நியூஜெர்சியில் பேங்க் வேலை பார்த்தார். நானும் பேங்க் கிளார்க்தான். அடுத்தவன் வரவு செலவை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கவுண்ட்டர் எனக்குத் தெரியும். 2014இல் ஒரு ஷூ விளம்பரத்தில் தன் குரலையே டி.வி.யில் கேட்டபிறகுதான் வக்கீலைப் பார்த்தார். பாட்டில் பாதி உரிமை கைக்கு வந்தது. முப்பது வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழைய பாக்கியில் பத்து வருசத்துக்குத்தான் பணம் கிடைத்தது.

வெள்ளைக்காரக் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அந்த இசைத்தட்டைப் போட்டவர் அதே கிங்ஸ்டன்காரர்.

நம்ம கதைக்கு வருவோம். வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை எரித்தார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரம் மாதிரிதான். அந்த நினைவுநாளையொட்டி நாமும் கூட்டம் போடுகிறோம். ஒரு கூட்டத்தில் நடவுக்குப் போகிற அக்கா ஒருவரை மேடையேற்றினோம். குனிந்து நாற்று நட்டுக்கொண்டே, வரப்பில் குடை பிடித்து நிற்கிற காரியக்காரரை அவருக்கே தெரியாமல் கிண்டலடிக்கிற பாட்டு. சனம் அப்படியே அடங்கிக் கேட்டது. அதற்குள் தலைவரின் வேன் வந்துவிட்டது. “போதும்க்கா” என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். பாதிப் பாட்டில் இறங்கிப் போனார். அவர் பாட்டு நமக்குத் தலைவர் வரும்வரை கூட்டத்தை உட்காரவைக்க மட்டும் தேவைப்பட்டது.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அதே பாட்டைப் பிறகு இந்த இதழில் அச்சிட்டோம். தலைப்பில் ‘மக்கள் பாடல்’ என்று போட்டோம். கீழே ‘தொகுப்பு’ என்று ஒரு பெயர். தொகுத்தவன் நான்தான்.

இனி பாடியவர் பெயரில்லாமல் எந்தப் பாட்டும் இங்கே அச்சாகாது. கூட்டங்களில் பாட்டு முடிகிறவரை தலைவர்கள் வேனிலேயே உட்கார்ந்திருக்கட்டும். ஆசிரியர் குழுவில் இதற்கு முணுமுணுப்பு இருக்கிறது, மறைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைத் தேடிப் போய் விசயத்தைச் சொன்னேன். குருவை நடவுக்கு மெஷின் வந்தபிறகு வேலை பாதியாகிவிட்டதாம். கேட்டுக்கொண்டே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“பேரு போடு தம்பி, வேணாங்கல. எம் மவ படிச்சுக்குவா. அன்னைக்கு மேடைக்கு வந்ததுல ஒரு நாள் கூலி போச்சே, அதயும் எழுதுவியா?”