அரைப்பேர்

“ஐயா, எழுதி என்ன பயன்? பதிப்பிப்பார் இல்லை, படிப்பாரும் இல்லை” என்று மனங்கசந்து என்னிடம் கூறும் இளைஞர் பலர். ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளிற் கதை எழுதத் தொடங்குவோர் இன்றும் குறைந்தாரல்லர். தொடர்ந்து எழுதுவோரே குறைந்தனர். இவர்க்கு ஊக்கமுடைமையை எடுத்துரைப்பது தமிழாசிரியன் கடமை எனலாம். ஆயின், அக்கடமையைச் செய்யப் புகும்போதெல்லாம் நாணமே என்னைத் தடுக்கின்றது. ஒருத்தியின் பேனாவை நிறுத்தியவன் நான்.

இருபது ஆண்டுகளுக்கு முன், கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள் என் வகுப்பிற் பயின்றாள். ஒருநாள் தான் எழுதிய கதையொன்றைக் கொணர்ந்து தந்தாள். அதில், “அம்மாவுக்கு இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க” என்றொரு வரி இருந்தது. பண்டிதச் செருக்குடைய நான் சிவப்பு மையால் அதனை வெட்டி, “அன்னைக்கு இன்று அரைநாட் கூலியே வழங்கப்பட்டது” என்று திருத்தினேன். லயம், பெரட்டு, காம்பரா ஆகிய சொற்களுக்கும் அதே கதி நேர்ந்தது. பின்னர் அவள் கதையெதுவும் கொண்டு வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஹற்றன் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். இப்போது அவளும் ஓர் ஆசிரியை. “பிள்ளை, இன்னும் எழுதுகிறாயா?” என்றேன். “அதெல்லாம் பிழைன்னு சொன்னீங்களே சேர்” என்று சிரித்தபடி பஸ் ஏறிவிட்டாள்.

அன்றிரவுதான் அவ்வரியின் பொருள் எனக்கு விளங்கிற்று. முழுநாள் வேலை செய்தாற் செக்ரோலில் ஒரு ‘பேர்’ விழும். குறித்த அளவு கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. அந்தத் தாய் இழந்தது பாதிக் கூலி மட்டுமன்று, பாதிப் பெயருமாகும். அதனை அச்சிறுமி ஒரே சொல்லிற் கூறியிருந்தாள். நானோ அதனை அழித்துக் கணக்கப்பிள்ளையின் மொழியை அங்கே வைத்துவிட்டேன்.

மலையகத் தமிழரின் இருநூறாண்டு வரலாறு 2023இல் நினைவுகூரப்பட்டது. இந்நெடுங்காலமும் தோட்டக் கணக்கேடுகள் இறாத்தலையும் நாட்சம்பளத்தையும் தவறாமற் பதிந்து வைத்தன. அரைப்பேர் வாங்கியவள் அன்றிரவு எந்த முகத்தோடு அடுப்பு மூட்டினாள் என்பதை எந்த ஏடும் பதியவில்லை. அதனை எழுதக் கதையாசிரியன் ஒருவனே உளன்.

ஊக்கம் என்பது இங்கிருந்துதான் பிறத்தல் வேண்டும் என்பது என் துணிபு. பாராட்டை நம்பி எழுதுவோன், பாராட்டு நின்ற அன்றே பேனாவை மூடிவிடுவான். ‘நான் எழுதாவிடின் இது எழுதப்படாமலே போய்விடும்’ என்னும் கடனுணர்ச்சியோடு எழுதுவோன் எளிதில் நிற்கமாட்டான்.

சான்று வேண்டுமாயின் இருவரைக் கூறுவேன். மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டிற் குடியுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிவு செய்த மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். பின்னர் வாக்குரிமையும் பறிபோயிற்று. அதனினும் பெரிய மனமுறிவு யாதுளது? எனினும் அவர் எழுத்தைக் கைவிட்டாரல்லர். அவரது ‘வீடற்றவன்’ நாவல் 1981இல் நூலுருப் பெற்றது. மூன்றாண்டுகளில் அவர் மறைந்தார். கொழும்பில் ஓர் இரும்புக்கடையிற் கணக்கெழுதி வாழ்ந்த என். எஸ். எம். இராமையா, அறுபதுகளிலேயே சிறுகதையாற் பெயர் பெற்றவர். அவரது ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுதியோ 1980இல்தான் வெளிவந்தது. நூல் வரும் நாள்தான் ஊக்கம் தருமென்றால், இவ்விருவரும் என்றோ ஓய்ந்திருப்பர்.

ஆதலின் எழுதும் இளைஞர்க்கு யான் கூறுவது இது: யாருடைய வாழ்வை எழுதினீரோ, அவர்க்கே முதலிற் படித்துக் காட்டுக. லயத்துத் திண்ணையில் ஒரு தாய், “ஆமா, இப்படித்தான்” என்று தலையசைப்பாளாயின் அதுவே முதற் பரிசு. பதிப்பாளர் பின்னர் வரட்டும்.

என்போன்ற ஆசிரியர்க்கும் ஒரு சொல். சந்திப்பிழையைத் திருத்துவோம், அது நம் தொழில். மக்கள் வாய்மொழியைப் பிழையென்று வெட்டுவது தொழிலன்று, கொடுமை. மாணவர் நெஞ்சிற் சோர்வை விதைத்துவிட்டு, இலக்கியம் வளரவில்லையே என்று மேடையிற் புலம்புதல் நமக்குத் தகுமா?

சென்ற திங்கள் அம்மாணவிக்கு ஒரு கடிதம் எழுதினேன். “பிழை உன்னுடையதன்று, என்னுடையது. அக்கதையை மீண்டும் எழுது, அரைப்பேர் அப்படியே இருக்கட்டும்” என்பதே அதன் வாசகம். மறுமொழி இன்னும் வரவில்லை. ஒரு சொல்லால் அவளை இத்தனை ஆண்டு நிறுத்திவைத்த நான், சில திங்கள் காத்திருப்பது பெரிதன்று.