பழைய துணியில் புதுநன்மைக் கவுன்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. ஆனால் புதுநன்மை நாளன்று சில ஆலயங்களில் ஆடையே முக்கால் பங்காகிவிடுகிறது! ஆண்டவரை முதன்முதலாக உட்கொள்ளப் போகும் சிறுமியின் வீட்டில், வெள்ளைக் கவுனுக்கும் முக்காட்டுக்கும் யாரிடம் கடன் கேட்பது என்பதே பேச்சாக இருந்தால், அந்தப் பேச்சு அவள் காதிலும் விழத்தானே செய்யும்? உடுத்துவதோ ஒரே நாள். மறு ஆண்டு அது அவளுக்குச் சேராது.

இந்தக் கவுனை வீட்டிலிருக்கும் பழைய துணியிலேயே தைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதிலும் வசதியுள்ள வீடுகளே முதலில் தைக்க வேண்டும்.

“பழையதா?” என்று முகம் சுளிக்கும் தாய்மார்கள் சற்றுப் பொறுத்துக் கேட்கவும். பலமுறை துவைத்த பருத்தித் துணி சுருங்க வேண்டிய மட்டும் சுருங்கி முடிந்தது. தைத்த பின் அளவு மாறாது. புதுத் துணி அப்படியன்று. கடையில் 36 அங்குல அகலத் துணி வாங்கினால் பாவாடைப் பகுதிக்கு இரண்டு மூன்று துண்டுகளை இணைக்க வேண்டும். 90 அங்குல அகலமுள்ள இரட்டைக் கட்டில் விரிப்பிலோ ஒட்டின்றி ஒரே துண்டாகச் சுருக்கு வைக்கலாம்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விரிப்பு நடுவில்தான் நைந்திருக்கும், ஓரங்கள் உறுதியாயிருக்கும். சேலையில் தரையில் உரசும் கீழோரமும் ஊசி குத்திய தோள்பகுதியும் ஆகா. ஜன்னல் திரை பார்வைக்கு நன்றாயிருந்தாலும் வெயில் பட்ட மடிப்புகளில் இற்றிருக்கும். இரு கட்டைவிரல்களாலும் பிடித்து இழுத்துப் பார்த்து, கிழிந்தால் ஒதுக்கிவிடுங்கள். மஞ்சளித்த வெள்ளைக்கு நீலமும் வெயிலும் போதும். வெளுப்புத் தூள் வேண்டாம், இழை மேலும் நையும். பிறகு தாள் மாதிரியை நல்ல பகுதிகளின் மேல் வைத்து, பாவு நூல் மேலிருந்து கீழாக வரும்படி வெட்டுங்கள். பழைய லேஸ் திரை இருந்தால் கைகளுக்கு ஆகும்.

இது வறுமைக்காரர் வேலை என்று நினைப்போர், போர்க்கால இங்கிலாந்தை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை துணிமணிகளுக்குப் பங்கீடு இருந்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள்; ஒரு கம்பளி கவுனுக்கே 11 போய்விடும். பெண்கள் திரைத் துணியையும் பாரசூட் பட்டையும் வெட்டி விழா உடைகள் தைத்தார்கள். 1947 நவம்பரில் மணமுடித்த இளவரசி எலிசபெத்தின் திருமண உடைக்கும் கூப்பன் தேவைப்பட்டது! பெண்கள் பலர் தங்கள் கூப்பன்களை அன்புடன் அவருக்கு அனுப்பினர். சட்டம் இடந்தராததால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாயிருந்ததால், பழைய துணியில் தைத்தவளைக் கேலி செய்ய ஆளில்லை.

நம்மிடையே அப்படியில்லை என்பதே என் அச்சம். முப்பது சிறுமிகள் வரிசையில் நிற்க, ஒருத்தி மட்டும் விரிப்பில் தைத்த கவுனோடு வந்தால், அது எத்தனை அழகாயிருந்தாலும் அவளுடைய ஏழ்மைக்கு ஒட்டிய சீட்டாகிவிடும். ‘சிக்கனம்’ என்ற உபதேசத்தை ஏழைக்கு மட்டும் செய்வது அறமன்று. வேண்டாமென்று தள்ளிய துணியை அவள் கையில் கொடுத்துப் புண்ணியம் தேடுவதும் அப்படியே. கடைக்குப் போய் வாங்க முடிந்தவர் போகாதிருந்தால்தான் போக முடியாதவர் தலைநிமிர்ந்து நிற்க முடியும்.

ஆகவே நம் தையல் வகுப்பே இப்பொறுப்பை ஏற்கலாமே? எல்லா வீட்டுத் துணிகளையும் ஒரே மேசையில் குவித்து, பெரிய வகுப்பு மாணவிகள் ஒரே மாதிரியில் தைத்துத் தரட்டும். எது யார் வீட்டுத் துணி என்று யாருக்கும் தெரியாது. தாயின் வெள்ளைத் திருமணச் சேலையையும் குவியலில் போடச் சொல்லவில்லை. அதை அவள் மகளுக்கே தைக்கலாம், மாதிரி மட்டும் ஒன்றாயிருக்கட்டும்.

விழா முடிந்தபின் கவுனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கீழோரத்தில் மூன்று அங்குல மடிப்பும் பக்கத் தையலில் ஓர் அங்குலமும் விட்டுத் தைத்திருந்தால், அடுத்த தங்கைக்குப் பிரித்துவிடலாம். தங்கை இல்லாத வீட்டில் தலையணை உறையாவது தேறும்.