லைட்டை அணைத்தால் புகை போய்விடுமா?

‘‘சார், அந்த சென்சாரே வேஸ்ட். ஒரு நட்டு போட்டு ஏமாத்திடலாம், லைட் எரியாது!’’

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பழுதான பெட்ரோல் கார்க்காரருக்குக் கிடைக்கும் இலவச யோசனை இது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய சாமான். விலையைக் கேட்டாலே தலைசுற்றும். அதற்குப் பதில் வெறும் குழாய். சென்சாருக்கு அடியில் நீளமான, துளை போட்ட நட்டு. வண்டி ஜோராகக் கிளம்பிவிடும்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று இன்ஜின் கணக்குப் போடுகிறது. பின்னால் இருப்பதற்கு முக்கிய வேலை, கன்வெர்ட்டர் ஒழுங்காக உழைக்கிறதா என்று கண்காணிப்பது. என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஆடிட்டர். நட்டு போட்டுப் புகையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தால், ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

முன் சென்சார் நம் பர்ஸைக் காப்பாற்றுகிறது. அதில் கை வைக்க மாட்டோம். பின் சென்சார் அடுத்தவன் நுரையீரலைக் காப்பாற்றுகிறது. அது வேஸ்ட்!

சோதனையின்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் சாஃப்ட்வேரை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015-ல் அம்பலமானது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். அயோக்கியத்தனம் என்று திட்டினோமே, நட்டு போடுவது மட்டும் என்னவாம்?

‘‘புகை சர்டிஃபிகேட் வாங்கியிருக்கேனே!’’ என்பீர்கள். கன்வெர்ட்டர் அடக்குவது மூன்று விஷங்களை. நம் ஊர் சோதனை பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது. மூன்றாவதான நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995-ல். இத்தனை வருஷமாகியும் இதுதான் லட்சணம்!

காற்றைக் கெடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சரி, கண்டுபிடிப்பது யார்? முதலில் மூன்றாவது விஷத்தையும் அளக்கட்டும். வண்டிக்கு அடியில் குனிந்து, கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். கார் கம்பெனிகளும் நியாயமான விலையில் அதை விற்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. லைட் எரிந்தால், அணைக்கச் சொல்லாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். சில சமயம் கன்வெர்ட்டர் நன்றாகவே இருக்கும். கிழடு தட்டிய சென்சாரை மாற்றினால் போதும், செலவும் குறைவு. சில சமயம் இன்ஜின் ஆயில் குடித்துக் கன்வெர்ட்டரைக் கொன்றிருக்கும். அந்த நோயை விட்டுவிட்டு லைட்டை மட்டும் அணைத்தால், அடுத்து படுக்கப்போவது இன்ஜின். அதை எந்த நட்டாலும் ஏமாற்ற முடியாது.