விற்றதாக எங்கே எழுதியிருக்கிறது?

தில்லியில் கால் நூற்றாண்டாக வாடகை வீட்டில் வசிக்கும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற கையோடு வீடு வாங்கப் புறப்பட்டார். தரகர் தயாரித்துத் தந்த காகிதக் கட்டை என்னிடம் நீட்டி, "மொழிபெயர்ப்புதானே உன் தொழில்? இதில் என்ன இருக்கிறதென்று தமிழில் சொல்" என்றார். வருங்கால வைப்பு நிதி மொத்தமும் அதில் போகவிருந்தது.

கட்டில் இருந்தவை நான்கு. பொது அதிகாரப் பத்திரம், அதாவது நம்மூர் 'பவர்', வீட்டை விற்க அதிகாரம் தருகிறேன் என்றது. ஒப்பந்தம், விற்பேன் என்றது. உயில், என் காலத்துக்குப் பிறகு இவருக்கே என்றது. ரசீது, பணம் வந்தது என்றது. விற்றுவிட்டேன் என்று மட்டும் எந்தத் தாளும் சொல்லவில்லை.

தில்லியில் இது பழைய வழக்கம். குத்தகை நிலத்து வீட்டைக் கைமாற்ற அனுமதி வேண்டும். அங்கீகாரமற்ற காலனிகளில் கிரயம் பதிவதே கஷ்டம். முத்திரைத் தீர்வையும் மிச்சம். ஆனால் 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு, மனையை விற்க, பதிவான கிரயப் பத்திரம் வேண்டும். பவர் தந்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் முடிந்துபோகும். உயிலை எழுதியவர் கடைசி மூச்சு வரை மாற்றலாம். பிறகு வாரிசுகள் வாசலில் வந்து நிற்பார்கள்.

2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: இத்தகைய காகிதங்களால் உரிமை கைமாறாது. சொத்தை நிர்வகிக்க மனைவிக்கோ மகனுக்கோ தரும் உண்மையான பவருக்குப் பாதிப்பில்லை என்றும் தெளிவுபடுத்தியது. இதே காகிதங்களை நம்பிக் குடியேறியவர்களுக்காக 2019-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, தில்லியின் 1,731 அங்கீகாரமற்ற காலனிகளில், கட்டணம் செலுத்தி உரிமை பெற வழி செய்தது. அது விதிவிலக்கு. அதை நம்பிப் புதிதாக வாங்குவது விவேகமல்ல.

விற்பவர் பெயரிலுள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், வில்லங்க விவரம், வரி ரசீது ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, சொந்த வக்கீலிடம் காட்டச் சொன்னேன். பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதியுமே தவிர, விற்பவர்தான் உண்மையான சொந்தக்காரர் என்று உத்தரவாதம் தருவதில்லை.

நண்பர் தரகரிடம் கிரயப் பத்திரம் கேட்டார். "இங்கே எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள், சார்" என்று பதில் வந்தது. நண்பர் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த மாத வாடகையையும் கட்டிவிட்டார்.