பெரியவர்கள் பேசினால் போதுமா?

குடும்பச் சிக்கலைப் பெரியவர்களே பேசித் தீர்த்துவிடலாம், கவுன்சலிங் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குடிநோய் புகுந்த வீட்டில் பெரியவர்கள் மனைவியிடம் என்ன சொல்கிறார்கள்? "நீதான் அனுசரிச்சுப் போகணும்மா." அவளும் அனுசரிக்கிறாள்: கணவருக்குக் காய்ச்சல் என்று ஆபீசுக்குப் போன் போடுகிறாள், நகையை அடகு வைத்துக் கடனை அடைக்கிறாள். குடி தொடர்கிறது.

சென்னை டி.டி.கே. மருத்துவமனையை 1980இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தவர். அங்கே குடிப்பவரோடு குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. போதையில் இருப்பவரிடம் வாதாடாதே, அவர் கடனை நீ அடைக்காதே, அடித்தால் பொறுத்துக்கொள்ளாதே என்று பக்கம் சாயாதவரால்தான் சொல்ல முடியும். மாமனாரால் முடியாது, அவர் குடிப்பவனின் அப்பா. அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டாலே புத்தகத்தை மூடிவிட்டு ஒடுங்கும் பிள்ளையிடம், "இது உன் தப்பில்லடா" என்று எந்தப் பஞ்சாயத்தில் சொன்னார்கள்?