டாக்டருக்கு பாலிசி உண்டு, நாற்காலிக்கு இல்லை

"நமக்குத்தான் இன்டெம்னிட்டி இருக்கே சார்!" கிளினிக்குக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டால் டாக்டர்கள் சொல்லும் பதில் அநேகமாக இதுதான். நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வேலையில், ஈரத் தரையில் நின்றுகொண்டே இதைக் கேட்டிருக்கிறேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் கடந்த வாரம். தென்சென்னையில் ஒரு மருந்துக் கடைக்கு கிளெயிம் பார்க்கப் போனவனைப் பக்கத்துப் பல் டாக்டர் கூப்பிட்டார். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. தரையில் இருந்த கம்ப்ரசரைச் சாய்த்தால் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. நோயாளி சாயும் நாற்காலியின் அடியில் மோட்டார், போர்டு எல்லாம் போச்சு. டாக்டர் நம்பிக்கையோடு பாலிசியை நீட்டினார், லேமினேஷன்கூடப் பண்ணியிருந்தார். இன்டெம்னிட்டிதான். சிகிச்சையில் பிழை என்று வழக்கு வந்தால் உதவும், வெள்ளத்துக்கு உதவாது.

"பில்டிங் ஓனர் எடுத்திருப்பாரே?"

எடுத்திருந்தார். அது அவருடைய சுவருக்கு.

இந்த மயக்கம் எங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்த கதை. 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. அரண்டுபோனவர்கள் ஓடி ஓடி இன்டெம்னிட்டி எடுத்தார்கள். கோர்ட்டுக்குப் பயந்தவர்களுக்கு மழை மீதும் மின்கசிவு மீதும் எப்படி அத்தனை நம்பிக்கை வந்ததோ! ஏஜென்ட்டுகளும் சுலபமாக விற்பதை விற்றுவிட்டு நடையைக் கட்டினார்கள்.

சிலர் "பேங்க் லோனுக்குப் போட்ட பாலிசி இருக்கு" என்பார்கள். பல சமயம் அது கடன் தொகைக்கு மட்டும் போட்டது. 40 லட்ச ரூபாய்ச் சாமானை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்து 10 லட்சம் நஷ்டமானால், பாதி மதிப்புக்கே காப்பீடு என்பதால் கைக்கு வருவதும் நஷ்டத்தில் பாதி, 5 லட்சம். 2021 ஏப்ரலில் சிறு தொழில்களுக்காக வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்னும் தீ பாலிசி 15 சதவீதம் வரையிலான குறைவை மன்னிக்கும். பாதிக்குப் பாதி குறைத்துப் போட்டவரை அதுவும் மன்னிக்காது. வோல்டேஜ் ஏறி ஸ்கேன் மெஷின் போர்டு மட்டும் கருகினால் தீ பாலிசி பெரும்பாலும் கைவிரித்துவிடும். அதற்கு எலக்ட்ரானிக் சாதன பாலிசி தனியாக வேண்டும்.

அப்போதுதான் துடைத்த தரையில், டோக்கனோடு எழுந்த பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் அவரைத் தொடவே இல்லை. சிகிச்சைப் பிழை எங்கே? இடத்துக்கு வந்தவர் காயப்பட்டால் ஈடு தரும் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி சமாச்சாரம் இது.

சரி, இன்டெம்னிட்டியாவது கடைசிவரை காக்குமா? வழக்கமான பாலிசியில், கோரிக்கை வந்துசேரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். நடுவில் ஒரு வருஷம் புதுப்பிக்காமல் விட்டால், அதற்கு முந்தைய வருஷங்களின் பாதுகாப்பும் கைநழுவிப் போகலாம். வழக்குப் போட நோயாளிக்கோ சட்டம் 2 வருஷம் தருகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் வயதாகிவிட்டதென்று கிளினிக்கை மூடினார். "இனி எதுக்குப் பிரீமியம்?" என்று பாலிசியையும் விட்டார். மூடிய பிறகும் சில காலம் நீட்டித்துத் தர முடியுமா என்று கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எட்டாவது மாதம் நோட்டீஸ் வந்தது. கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கடைப் பையன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.